இங்கே இருப்பவர்கள்: 2

இதைச் சொன்னவள் என் பெரியம்மா மகள். அவளுக்குப் பொய் வராது. சீட்டாட உட்கார்ந்தால் முகத்தைப் பார்த்தே கையிலிருப்பதைச் சொல்லிவிடலாம். அதனால் நான் நம்புகிறேன்.

அக்கா பிசியோதெரபிஸ்ட், ஊருக்கெல்லாம் நடக்கப் பயிற்சி கொடுப்பவள். அவளே குளியலறையில் வழுக்கி, காலில் மாவுக்கட்டோடு மாடி வீட்டில் முடங்கினாள். பொழுது போகாமல் கொழுந்தனிடம் போனில் கேட்டுக் கேட்டு, லேப்டாப்பில் புரோகிராமிங் கற்றாள். முதல் முயற்சி, எழுத்துகளாலேயே ஆன ஒரு விளையாட்டு. அவள் வீடுதான் களம். அறையின் பெயரைத் தட்டினால் ஆட்டக்காரர் அங்கே போவார். அந்த அறையில் எத்தனை பேர் என்று திரை சொல்லும். ஆட்டக்காரர் ஒருவர்தான். எங்கே போனாலும் ஒன்று என்றே வரவேண்டும்.

அன்று பகல் மூன்று பத்து. அத்தான் வேலைக்குப் போயிருந்தார். 'படுக்கையறை' என்று தட்டினாள்.

இங்கே இருப்பவர்கள்: 2.

கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

"எங்கயோ ஒண்ணு கூடுதலா கூட்டியிருப்பீங்க, அண்ணி. புதுசுல எல்லாருக்கும் வர்றதுதான்."

நாற்பத்தொரு வரிகளையும் விரல் வைத்துப் படித்தாள். தப்பே இல்லை. மூன்று இருபத்தைந்துக்கு மறுபடி ஓட்டினாள்.

படுக்கையறை: 1. அப்பாடா என்றிருந்தது.

சமையலறை: 2.

உள்ளே ஒரு டம்ளர் உருண்டது... நின்றது.

வீட்டில் அவளைத் தவிர யாருமில்லை. மீண்டும் 'சமையலறை' என்று தட்டினாள். இப்போது 1.

மிச்சம் இருந்தது கூடம். அவள் உட்கார்ந்திருந்த கூடம்.

தட்ட வேண்டாம் என்றுதான் நினைத்தாள். விரல் கேட்கவில்லை.

இங்கே இருப்பவர்கள்: 2.

முதுகுக்குப் பின்னால் பிரம்பு நாற்காலி முனகியது. யாரோ உட்கார்ந்தது போல...

அவள் திரும்பவில்லை.

எதையும் தொடாமலே அடுத்த வரி வந்தது.

இங்கே இருப்பவர்கள்: 2.

இங்கே இருப்பவர்கள்: 2.

ஊன்றுகோலை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. வாசல்வரை தவழ்ந்து, இருபத்திரண்டு படிகளையும் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து இறங்கினாள். கீழே சாவிக் கடைக்காரர் பதறி ஓடிவந்து தூக்கி, அத்தானுக்குப் போன் செய்தார்.

அத்தான் வந்து மேலே தேடினார். யாருமில்லை. அக்காவைக் காரின் பின்சீட்டில் கால்நீட்டிப் படுக்கவைத்து எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார். அவள் அங்கே திரும்பவே இல்லை. கொழுந்தன் அந்த நாற்பத்தொரு வரிகளையும் பார்த்தான். "கணக்கு சரிதான், அண்ணி. இதுல ஒண்ணுக்கு மேல வரவே வராது."

மிச்சத்தை என்னிடம் சொன்னது அத்தான். அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. ஒரு வாரம் கழித்து வீட்டைக் காலி செய்யப் போனபோது சாவிக் கடைக்காரர் விசாரித்திருக்கிறார்.

"அவங்க கால் எப்படி இருக்கு, சார்?"

"பரவால்ல."

"கூட இருந்த அம்மா மேலதான் எனக்கு வருத்தம். படி முழுக்கப் பின்னாடியே வந்தாங்க. ஒரு கை கொடுக்கல."

"எந்த அம்மா?"

"என்ன சார், உங்க கார்லதான ஏறினாங்க. அவங்க கால்மாட்டுல உக்காந்தாங்களே..."