இவனுமா என்று நினைத்த காலை

வேன்கார அண்ணனின் குரல் இன்னும் என் கைபேசியில் இருக்கிறது. கொஞ்ச நேரம்தான் ஓடும். "தாய்மாருகளே, வடக்க இருந்து வந்த ஆளுக புள்ளைகளத் தூக்கிட்டுப் போறாய்ங்களாம். யாரும் புள்ளைகளத் தனியா விட்றாதீங்க. நான் வார வரைக்கும் கூடவே நில்லுங்க." பின்னணியில் வண்டி உறுமும் சத்தம். பெற்றோர் குழுவில் அவர் அனுப்பியதைக் கேட்ட கையோடு, அக்காவுக்கும் அலுவலகத் தோழிகளுக்கும் அதை அனுப்பிவைத்தேன்.

வல்லத்திராக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து புதுக்கோட்டைப் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்பவர் அவர். எந்தப் பிள்ளைக்கு வளைவில் வயிற்றைப் புரட்டும், எது ஜன்னலோரம் உட்காராவிட்டால் அழும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். என் மகள் அப்போது யு.கே.ஜி. அவசரத்தில் ஷூவைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தால், அவர்தான் வேன் படியருகே குந்தி உட்கார்ந்து சரிசெய்வார். மாலையில் வீட்டுக் கதவு திறந்து, உள்ளேயிருந்து ஆள் வந்த பிறகுதான் வண்டி நகரும். ஒருநாள் பேருந்து பழுதாகி நான் தாமதமாக வந்தபோது, மற்ற பிள்ளைகளைப் பாட்டுப் பாடவைத்துக்கொண்டு எங்கள் வாசலிலேயே காத்திருந்தார். அப்படிப்பட்டவர், பிள்ளைகளுக்கு ஆபத்து என்று யார் சொன்னாலும் நம்பாமல் என்ன செய்வார்? அவரிடம் வெறுப்பு இருந்ததாக நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. பயம் இருந்தது. அது பிரியத்திலிருந்து வந்த பயம் என்பதால், அதைச் சந்தேகிக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்து, காலையில் மகளை வேனில் ஏற்றிவிடப் பேருந்து நிறுத்தத்துக்குப் போனால் அங்கே ஒரே கூட்டம். ஓர் ஆளின் கைகளைத் துண்டால் பிணைத்து மின்கம்பத்தோடு கட்டியிருந்தார்கள். உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. பக்கத்தில் நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று கதறிக்கொண்டிருந்தது. அந்த ஆள் குழந்தையைக் கைபிடித்து இழுத்துக்கொண்டு போனானாம், குழந்தை வர மறுத்து அழுததாம். அவன் என்னவோ திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் மொழி எங்களுக்குத் தெரியாது. குழந்தையின் அழுகை மட்டும் எங்களுக்குப் புரிந்ததாக நினைத்துக்கொண்டோம்.

எனக்கு அவனைத் தெரியும். அதைத்தான் இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். எங்கள் சமையலறைக்கு டைல்ஸ் ஒட்ட வந்தவன் அவன். எட்டு நாள் எங்கள் வீட்டில் வேலை பார்த்தான். டீ கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்குவான், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் மறுவேலை. கம்பத்தில் கட்டுண்டு நின்றவன் அவன்தான் என்று அடையாளம் தெரிந்த கணத்தில், "ஐயோ, நம்ம வீட்டுக்கு வந்தவனாச்சே" என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. "இவனுமா?" என்றுதான் தோன்றியது. எட்டு நாள் என் கண்ணால் பார்த்த மனிதனைவிட, காதில் விழுந்த அந்தச் செய்தி எனக்குப் பெரிதாக இருந்தது. மகளை இடுப்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வேன் வந்து நின்றது. விஷயத்தைக் கேட்டதும் அண்ணன் ஜாக்கி கம்பியை உருவிக்கொண்டுதான் இறங்கினார். கூட்டம் வழிவிட்டது. ஆனால் அவர் அந்த ஆளைப் பார்க்கவில்லை, குழந்தையைப் பார்த்தார். அது அவனுடைய காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, யாராவது கிட்டே வந்தால் இன்னும் ஒட்டிக்கொண்டது. அண்ணன் கையிலிருந்த கம்பி தாழ்ந்தது.

"ஏய், இது அவன் புள்ளப்பா. தூக்கிட்டு வந்திருந்தா அவன் காலையா கட்டிக்கிட்டு நிக்கும்? எங்க போகமாட்டேன்னு அழுதுச்சோ என்னமோ. நம்ம புள்ளைக தெனமும் வேன்ல ஏற அழுகலையா?"

"நீங்கதானண்ணே வாய்ஸ் போட்டீங்க?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அண்ணன் கம்பியைக் கீழே போட்டார். முகம் கறுத்துவிட்டது. "ஆமா, நான்தான் போட்டேன். எவனோ அனுப்புனதக் கேட்டுட்டுப் போட்டேன். என் கண்ணால ஒண்ணையும் பாக்கல. அடிக்கணும்னா என்னைய அடிங்க" என்றார். பிறகு அவரே கட்டை அவிழ்த்தார். அவனை வேலைக்கு வைத்திருந்த கட்டடக் காண்டிராக்டர் அதற்குள் ஓடிவந்து, தகப்பனும் மகளுமாக எடுத்த படத்தைக் கைபேசியில் காட்டினார். அங்கன்வாடிக்குப் போகமாட்டேன் என்றுதான் அந்தக் குழந்தை அழுதிருக்கிறது. கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது. எங்கள் பிள்ளைகளோடு அவர்கள் இருவரையும் வேனில் ஏற்றி, அண்ணன் முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட்டினார்.

அன்று மாலை குழுவில் இன்னொரு செய்தி போட்டார். தான் சொன்னது பொய், தன்னால் ஒரு மனுசன் அடிபட்டான் என்று சொல்லியிருந்தார். முதல் செய்தி பக்கத்து ஊர்களுக்கெல்லாம் போயிருந்தது. இரண்டாவதை யாரும் யாருக்கும் அனுப்பவில்லை. நானும்தான். இரண்டு குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளை வேறு வேனுக்கு மாற்றிக்கொண்டன. கண்டவனை எல்லாம் பிள்ளைகளோடு ஏற்றுகிறார் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

என் மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு, சைக்கிளில் போகிறாள். அண்ணனுக்குக் கண் பார்வை மங்கிவிட்டது, வேனைக் கொடுத்துவிட்டார். போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கம்பத்தில் கட்டப்பட்டிருந்தவனை எனக்கு முன்பே தெரியும் என்பதை அன்றைக்குத்தான் அவரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. எனக்குத் தெரியாத ஒன்றை, தரையைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்.

அந்தக் குடும்பம் அடுத்த மாதமே ஊரைவிட்டுக் கிளம்பியதாம். கேள்விப்பட்டு இவரே போய், வேனில் ஏற்றி ரயிலடிக்குக் கூட்டிப்போயிருக்கிறார். ரயில் நகர்ந்தபோது, குழந்தை ஜன்னலுக்குள்ளிருந்து இவரைப் பார்த்து டாட்டா காட்டியிருக்கிறது. தகப்பன் அந்தச் சின்னக் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கிவிட்டானாம்.

"எனக்குக் கோவமே வரலம்மா" என்றார் அண்ணன். "நாம எப்படிப்பட்ட ஆளுகன்னு தெரியாமத்தான் அவன் புள்ளைய இந்த ஊருக்குக் கொண்டுவந்திருக்கான். நானா இருந்தாலும் அப்படித்தான் இறக்கிவிட்டிருப்பேன்."