முப்பத்தொரு கிளைகளும் ஒரு சங்கிலியும்

1984 பங்குனியில் ஒரு வியாழக்கிழமை, காலை ஒன்பதே காலுக்கு, காட்டூரைத் தாண்டித் தஞ்சாவூர் ரோட்டில் நான் வேலை பார்த்த இரும்புப் பட்டறையில் கிரேன் சங்கிலி அறுந்தது. சங்கிலி மாட்டும் தொழிலாளியின் வலது கால் மேல் தகடு விழுந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது முழங்காலுக்குக் கீழே கால் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை.

ஒவ்வொரு தகட்டின் எடையையும் கணக்கிட்டுச் சீட்டு அடித்துத் தருவது எங்கள் கம்ப்யூட்டர் அறை. சீட்டைப் பார்த்துத்தான் எந்தச் சங்கிலி என்று முடிவு செய்வார்கள். அன்றைய சீட்டு ரத்தத்தில் ஊறிக் கூழாகிவிட்டது. அந்தத் தகட்டின் அளவுகளை மட்டும் மேனேஜர் மறுபடி போடச் சொன்னார். ஆறு டன் என்று சரியாகவே வந்தது.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுய்யா. அவன்தான் சின்னச் சங்கிலிய மாட்டித் தொலைச்சிருக்கான்" என்றார்.

மாலை ஐந்து மணிக்கு விசாரணை. சங்கிலி மாட்டியவரின் வேலைநீக்க உத்தரவை அதற்கு முன்பே டைப் அடித்துவிட்டார்கள்.

பதினோரு மணிக்குக் காலிழந்தவரின் மைத்துனர் எங்கள் அறைக்குள் வந்தார். அதே பட்டறையில் தகடு வெட்டுபவர். கையில் இரும்புத் தடி. முதல் அடியில் பிரின்டரின் மூடி பறந்தது. மூன்றாவது அடியில் அதன் குடல் வெளியே வந்தது. என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு மோதினார்.

"சீட்டுல ரெண்டு டன்னுதான் போட்டிருந்துச்சுன்னு எங்க மாமா சொல்றாரு. சாகக் கெடக்கற ஆளு பொய் சொல்வாராய்யா?"

"பாத்துடறேங்க."

"அஞ்சு மணிக்குள்ள பாரு. அடுத்த அடி இந்த டப்பா மேல விழாது."

முதலில் ஒரு பெரியவர் எழுதி, பிறகு பலர் கைபட்ட அந்த எடை ப்ரோக்ராமை முழுதாகப் படித்தவர் எங்களில் யாருமில்லை. முன்னால் எழுதியவரின் வரியை அழிப்பது மரியாதைக் குறைவு என்பது எங்கள் வழக்கம். மாற்றம் தேவைப்பட்டால் கடைசியில் புது வரிகளைச் சேர்த்து, நடுவில் 'அங்கே போ' என்று ஒரு தாவலை வைப்போம். அங்கிருந்து இன்னொரு தாவல் திரும்பி வரும். பக்கத்தில் அவரவர் இனிஷியலும் தேதியும். தேதி போடும் வழக்கத்தைக் கொண்டுவந்தது நான்.

ஒரு ப்ரோக்ராம் எவ்வளவு சிக்கலானது என்று எண்ணிப் பார்க்க, ஒரு பழைய சஞ்சிகையில் படித்த அளவு நினைவுக்கு வந்தது. வழி இரண்டாகப் பிரியும் இடங்களை எண்ணி ஒன்றைக் கூட்ட வேண்டும். பத்தைத் தாண்டினால் மனித மூளை தடுமாறும். முன்பே அச்சடித்து வைத்திருந்த ப்ரோக்ராம் தாளில், வழி பிரியும் இடமெல்லாம் சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே போனேன். புள்ளிகளே முப்பத்தொன்று.

கத்தரிக்கோலை எடுத்துத் தாளை வெட்ட ஆரம்பித்தேன்.

"பெரியவர் எழுதினதையா கத்தரிக்கிறீங்க?" என்று பதறினார் பக்கத்து மேஜைக்காரர்.

"ஒருத்தர் காலே போயிடுச்சு சார்."

அகலம், நீளம், தடிமன், எடை என்று வேலைக்கு ஒரு துண்டாகத் தரையில் ஒட்டிவைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். தடிமன் துண்டில் ஆறே புள்ளிகள்தான் இருந்தன. இப்போது கண்ணுக்கே தெரிந்தது. வெட்டியதில் மிஞ்சிய மிச்சத் தகடாக இருந்தால் ஒரு தாவல் கடைசிக்குப் போய், தடிமனைப் படிக்கும் வரியைத் தாண்டித் திரும்புகிறது. அப்போது இதற்கு முந்தின தகட்டின் தடிமனே நினைவில் நிற்கும். காலில் விழுந்ததும் மிச்சத் தகடுதான், மெல்லிய தகட்டை அடுத்து வந்திருக்கிறது. தனியாகப் போட்டபோது அளவுகளை மட்டும் கொடுத்தோம், மிச்சத் தகடு என்று குறிக்கவில்லை; அதனால்தான் தப்பு தெரியவில்லை.

தாவலின் பக்கத்தில் என் இனிஷியல். வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின நாள் தேதி. ஸ்ரீரங்கம் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் எழுதியது.

விசாரணையில் அதைச் சொன்னேன். "உன்ன யாருய்யா கேட்டா?" என்று மேனேஜர் கத்தினார். சங்கத்துக்காரர்கள் எழுந்து நின்றதும் உத்தரவைக் கிழித்தார். அவர் கிழித்து முடிப்பதற்குள் மைத்துனரின் முஷ்டி என் வாயில் இறங்கியது. இரண்டு பற்கள். விழுந்தவனை விலாவில் உதைத்தார். யாரும் தடுக்கவில்லை. நானும் கையைத் தூக்கவில்லை.

மூச்சு வாங்கிவிட்டு அவரே என்னைத் தூக்கி நிறுத்தினார்.

"சரி பண்ணியாச்சா?"

"ஆச்சுங்க."

"போட்டுக் காட்டுங்க."

முதலில் மெல்லிய தகடு, அடுத்து அந்தத் தகடு. திரையில் ஆறு டன் வந்தது. பிரின்டர் செத்துப்போனதால் அந்தச் சீட்டை ஒரு தாளில் கையால் எழுதச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மாமாவிடம் காட்ட வேண்டுமாம்.

"தேதி போடுங்க."

"இன்னிக்குத் தேதியா?"

"நீங்க தப்பு பண்ணின தேதி."

எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.