சொந்தம் இருக்க ஹோட்டலோ?

என் அக்கா செல்வமலர் லண்டனில் ஹோட்டல் அறைகளைத் துப்புரவாக்குகிறவர். பாதி வாழ்க்கை அதிலேயே போய்விட்டது. யாரோ படுத்தெழும்பிய விரிப்பை உருவுவார், யாரோ குளித்த தொட்டியில் முடி பொறுக்குவார். காதுக்குள் மட்டும் எப்போதும் ஒரு கச்சேரி ஓடிக்கொண்டிருக்கும்.

அவருக்கு இருந்த ஆசை ஒன்றுதான். ஒரு மார்கழிக்குச் சென்னை போக வேண்டும். மயிலாப்பூரில் அறை எடுத்து, காலையில் சபா கேன்டீனில் பொங்கலும் வடையும் சாப்பிட்டு, நாள் முழுக்கப் பாட்டுக் கேட்டுவிட்டு வந்து படுக்க வேண்டும். தான் கசக்கிய விரிப்பை வேறு யாராவது மாற்ற வேண்டும். அத்தான் பாலேந்திராவுக்கு இதைக் காதில் வாங்க இத்தனை வருடமும் நேரம் கிடைக்கவில்லை. கடைசியில் அக்காவே ஓவர்டைம் செய்து, தானே அறையைப் பதிவு செய்தார்.

சென்னை விமான நிலையத்தில் அத்தானின் தமையன் காரோடு வந்து நின்றார். வளசரவாக்கத்தில் வீடு வைத்திருக்கிறவர்.

“சொந்தத் தமையன் இருக்க ஹோட்டலோ? சனம் என்ன கதைக்கும்?”

அவ்வளவுதான். அத்தான் காருக்குள் இருந்தபடியே போன் எடுத்து அறையை ரத்துச் செய்தார். அக்காவின் முகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வளசரவாக்கத்தில் அத்தானின் அண்ணிக்கு முழங்கால் வலி. யாழ்ப்பாணத்துக் கைப்பக்குவத்தில் கறி சாப்பிட்டுக் கனகாலமாம். லண்டன்காரரைப் பார்க்க வந்த சனமும் சாப்பிடாமல் எழும்பவில்லை. அக்கா புட்டு அவித்தார், கணவாய் மீன் துப்புரவாக்கினார், வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றினார். பின்னேரமானால் அண்ணனும் தம்பியும் வேட்டி கட்டிக்கொண்டு சபாவுக்குப் புறப்படுவார்கள். நாளைக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்பார்கள். அந்த நாளை வரவேயில்லை. வெட்கம் கெட்ட மனிதர்கள். அக்காவும் வாயை மூடிக்கொண்டு நின்றாரே என்று அவர்மேலும் எனக்குக் கோபம்தான்.

லண்டன் திரும்பிய கிழமை, டூட்டிங்கில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குக் குட்மேய்ஸிலிருந்து அக்காவின் சிநேகிதி குமுதினி குடும்பத்தோடு வந்திருந்தார். நானும் இருந்தேன். அத்தான் கதிரையில் சாய்ந்துகொண்டு அளக்கத் தொடங்கினார். எந்த வித்துவானின் தோடி எப்படி, எந்தக் கேன்டீனில் அசோகா அல்வா எப்படி என்று ஒன்றும் விடவில்லை. குமுதினி, என் அக்காவின் பக்கம் திரும்பி, உங்களுக்கு எந்தக் கச்சேரி பிடித்தது என்று கேட்டார். அதற்கும் அத்தான்தான் வாயைத் திறந்தார்.

அக்கா கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

“எனக்கு ஒரு கச்சேரியும் தெரியாது. அண்ணை வீட்டு காஸ் அடுப்பிலை மூண்டு பர்னர். அதிலை ஒண்டு எரியாது. சென்னையிலை நான் கண்டது அதுதான்.”

அத்தான் சிரித்து, பகிடி விடுகிறா என்றார். கூடச் சிரிக்க ஒருவருமில்லை. அக்கா குசினிக்குள் போகவில்லை. அங்கேயே இருந்து, எல்லோருக்கும் முன்னால் போனை எடுத்து, வருகிற மார்கழிக்கு மயிலாப்பூரில் ஒரு அறை பதிவு செய்தார். ஒரு ஆளுக்கு மட்டும்.

அண்ணை கோபிப்பார் என்று அத்தான் முணுமுணுத்தார்.

“அண்ணைக்குச் சமைக்க ஆள்தானே வேணும்,” என்றார் அக்கா. “நீங்கள் போய்ச் சமையுங்கோ.”