அத்தை வளர்த்த சேனை

என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, ஒரு ரோஜாச் செடிக்குக்கூடத் தண்ணீர் ஊற்றியவள் இல்லை. அப்படிப்பட்டவள், நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது திடீரென்று சேனைக்கிழங்கு வளர்க்க ஆரம்பித்தாள். தல்லாகுளத்தில் எங்கள் வாடகை வீட்டு மொட்டைமாடியில், ஒரு பழைய பெயிண்ட் வாளியில். கிழங்கைக் கொடுத்தவர் அவளோடு ஆபீஸில் வேலை பார்த்த செல்லூர்க்காரர். சாணி எரு போட்டாள், சாம்பல் போட்டாள், தண்ணீர் தேங்காமல் வாளியின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டாள். இலை காய்ந்து விழுந்த பிறகும் கிழங்கைத் தோண்டவில்லை. வெறும் மண்ணைத் தினமும் செல்போனில் படம் எடுத்து யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தாள்.

சித்திரை வெயிலில் மண்ணைப் பிளந்துகொண்டு ஊதா நிறத்தில் ஒரு மொட்டு வந்தது. நாலே நாளில் சோற்றுப் பானை அளவுக்கு வீங்கிவிட்டது. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் வாத்தியார். "சேனையாவது பூக்கிறதாவது, ஏதோ நோய்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

அந்தச் சனிக்கிழமை திண்டுக்கல்லிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அத்தை போய்விட்டால் நான் யார் பக்கத்தில் படுப்பேன்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தை என்னைக் கூப்பிட்டாள். "செடிக்கு வெயில் பத்தலைடி, வா, ஒரு கை பிடி." இருவரும் வாளியை மாடியிலிருந்து இறக்கி, ஹால் ஜன்னலுக்கு வெளியே, நேர் கீழே வைத்தோம். சூரியன் எட்டிப் பார்த்தே அறியாத இடம் அது. மேலே ஒரு சாக்கையும் சாத்தி வைத்தாள்.

மறுநாள் மத்தியானம் செத்த எலியின் நாற்றம் கிளம்பியது. அப்பா பீரோவை நகர்த்தினார், பரணைக் காலி செய்தார், தண்ணீர்த் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். அம்மா வீடு முழுக்க பினாயில் தெளித்தாள். நான் சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். பூ விரிந்திருந்தது, ஈ மொய்த்தது. "அப்பா, அந்தப் பூ..." என்று ஆரம்பிப்பதற்குள் அத்தை ஒரு முழுத் தேங்காய் பன்னை என் வாயில் திணித்துவிட்டு, "பிள்ளைக்குப் பசிக்குதுண்ணே" என்றாள்.

ஐந்து மணிக்கு வந்தார்கள். முதலில் ஜெபம். மாப்பிள்ளையின் பெரியப்பா முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஜெபிப்பதில் பேர் வாங்கியவர். எல்லோரும் கண்ணை மூடிக் கைகளைக் கூப்பியிருந்தோம். கூப்பிய கையை எடுத்து மூக்கைப் பொத்த முடியுமா? ஆதாமில் தொடங்கிய பெரியப்பா, ஏவாள் வருவதற்கு முன்பே ஆமென் போட்டுவிட்டார். காபியை யாரும் தொடவில்லை.

"ஜெபிச்சிட்டுச் சொல்றோம்" என்று வாசலில் முந்தானையால் மூக்கை மூடியபடி சொன்னார் மாப்பிள்ளையின் அம்மா. மூன்றாம் நாள், தேவசித்தம் இல்லை என்று போன் வந்தது. அம்மா அழுதாள். அத்தை ஒரு மூலையில் உட்கார்ந்து, மிஞ்சிய முறுக்கையெல்லாம் சோகமாகத் தின்று தீர்த்தாள்.

அன்றுதான் அப்பா சாக்கை விலக்கினார். அரிவாளோடு வந்தவரின் கையை அத்தை பிடித்துக்கொண்டாள். "பாவம்ணே, அது என்ன செஞ்சுச்சு?" அவள் கண் கலங்கியிருந்தது. ஒரு செடி மேல் இம்புட்டுப் பாசமா என்று நானும் ஓடிப்போய் அப்பாவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் அத்தைக்கும் கிழங்கு கொடுத்த செல்லூர்க்காரருக்கும் கல்யாணம் நடந்தது. மறுவீட்டு விருந்துக்கு வந்த புது மாமா, அதே ஜன்னலோரம் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்: "அன்னைக்கு எம்புட்டு நேரம் தாக்குப்பிடிச்சாக?"

"பத்து நிமிஷம்" என்றாள் அத்தை.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எங்கள் வீட்டு நாற்றம் அன்றைக்குச் செல்லூர் வரைக்கும் போயிருக்கிறது! எங்கள் குடும்பத்தின் சார்பில் நான் எழுந்து நின்று சொன்னேன்:

"மன்னிச்சிருங்க மாமா."