சாம்பிராணி போடாத வெள்ளிக்கிழமை

கனகசபை அண்ணன் போய்விட்டார். டொரொண்டோவிலிருந்து அவருடைய மகள் கூப்பிட்டுச் சொன்னாள். "செத்தவீடு முடிஞ்சுது மாமா. சும்மா இருந்தால் அழுகை வருது. அதுதான் அப்பான்ர அறையை ஒதுக்கிக்கொண்டிருக்கிறன்" என்றாள்.

எண்பதுகளில் துபாயின் தேராவில் கடை வைத்திருந்தவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. யாழ்ப்பாணத்துக்காரர். எந்த வெயிலிலும் கழுத்துப் பட்டனைக் கழற்றாதவர். தீயோ தண்ணீரோ சரக்கைக் கெடுத்துவிட்டால், நஷ்டத்தை மதிப்பிட்டு, இன்சூரன்ஸ் கம்பெனியிடம் நமக்காக வாதாடுவதுதான் அவர் தொழில்.

ஒரு வியாழக்கிழமை காலை ஒயர் கருகி என் துணிக்கடை தீப்பிடித்தது. முன்பக்கம் வெறும் சாம்பல். பின் அலமாரித் துணிகள் மட்டும் எரியாமல், புகை நாற்றத்தோடு நின்றன. எங்கள் குடும்பத்தின் முதலீடு எல்லாம் அந்தச் சரக்கில்தான் இருந்தது. இன்சூரன்ஸ் கைவிட்டால் கடையை மூடிவிட்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். கனகசபை அண்ணனை அமர்த்தினேன். "கம்பெனியே ஆள் அனுப்புமே, இவரு எதுக்கு?" என்று என் மச்சான் அவர் எதிரிலேயே கேட்டார். "அவர் கம்பெனிக்காகப் பாப்பார். நான் உங்களுக்காகப் பாப்பன்" என்றார் அண்ணன்.

நம் ஆட்களின் வழக்கம் தெரிந்ததுதானே. ஆபத்து வந்துபோனால் உடனே கூட்டி, கழுவி, சாம்பிராணி போட்டாக வேண்டும். மறுநாள் ஜும்ஆத் தொழுகைக்கு முன் கடை மணக்க வேண்டுமென்று மச்சான் தணலோடு வந்துவிட்டார். தீப்பிடித்த கடைக்குள் தணல்! அண்ணன் வாசலை மறித்துக்கொண்டார்.

"ஒண்டையும் தொடாதேங்கோ. நாறட்டும், அதுதான் உங்கட சாட்சி. சாம்பிராணி போட்டால், இது உங்கட சாம்பிராணிப் புகை எண்டு சொல்லிப்போட்டுப் போயிடுவாங்கள். முதல்ல இழந்ததை முழுசாப் பாக்கோணும் தம்பி. பிறகு கூட்டலாம்."

மச்சான் முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார். பக்கத்துக் கடைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டினார்கள். அண்ணன் அவர்களுக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

சனிக்கிழமை கம்பெனியின் சர்வேயர் வந்தார், பம்பாய்க்காரர். பின் அலமாரித் துணிகளைப் புரட்டிவிட்டு, "யே சப் அச்சா ஹை" என்றார், இதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறதாம். அண்ணன் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தத் துணிக் கட்டுகளின் மேலேயே அவரை உட்காரவைத்து, டீ வரவழைத்து, கிரிக்கெட், பிள்ளைகளின் படிப்பு என்று இந்தியில் அளந்துகொண்டே இருந்தார். இந்த மனுஷர் யார் பக்கம் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சர்வேயர் எழுந்தபோதுதான் அண்ணன் கேட்டார்: "பாய், நீங்கள் போட்டிருக்கும் இந்தக் கோட்டோடேயே நாளைக்கு டியூட்டிக்குப் போவீர்களா?"

சர்வேயர் தன் கோட்டின் கைப்பகுதியை முகர்ந்தார். முகத்தைச் சுளித்தார். பிறகு சிரித்துவிட்டார். பின் அலமாரிகளும் நஷ்டத்தில் சேர்ந்தன. கடை பிழைத்தது, நாங்களும் பிழைத்தோம். சந்தோஷத்தில் அண்ணனைக் கட்டிப்பிடித்தேன். "சட்டை கசங்குது தம்பி" என்று விலக்கிவிட்டார். எனக்கு அவர் மேல் எவ்வளவு பிரியம் என்பதைச் சொல்ல அவர் விட்டதே இல்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான். அதை அவர் மகளுக்கே, அவர் பேச்சிலேயே, திருப்பிக் கொடுத்தேன்.

"ஒண்டையும் தொடாதே பிள்ளை. அப்பான்ர சட்டைகள் கொழுவின இடத்திலேயே இருக்கட்டும்."

அவள் உடைந்து அழுதாள். நானும் போனை வைக்கவில்லை. கூட்டுவதற்கு இப்போது என்ன அவசரம்?