கோப்பிக் கொப்பி

கயிற்றேணியில் இறங்கும் மாலுமியின் ஒரு கால் இன்னும் ஏணியில் இருக்கும்போதே வின்சன்ட் கேட்டுவிடுகிறார்: “யுவர் கன்ட்ரி, கோப்பி?” வலது கை லோஞ்ச் படகின் சுக்கானைப் பிடித்திருக்கும். இடது கை, தட்டிலிருந்து ஒரு முழ உயரத்தில் செடி ஒன்று நிற்பதாகக் காட்டும். அந்தக் கையைப் பார்த்துவிட்டுத் தங்கள் பிள்ளைகளின் வயதைச் சொன்ன மாலுமிகளும் உண்டு.

முளைக்கும் என்று பதில் வந்தால் ஆசனத்துக்கடியில் மெழுகுசீலையில் சுற்றி வைத்திருக்கும் கொப்பி வெளியே வரும். பள்ளிப் பிள்ளைகள் கணக்கெழுதும் எண்பது பக்கக் கொப்பிதான். மேலட்டையில் ‘கோப்பிக் கொப்பி’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறார். மலையிலா சமவெளியிலா, எந்த மாதம் பழம் பிடுங்குவார்கள், வெயிலில் காயவைப்பதா தண்ணீரில் கழுவுவதா எல்லாவற்றையும் அலையில் ஆடியபடி எழுதிக்கொள்வார். ஒரு நோர்வேக்காரர், தங்கள் நாட்டில் அது முளைக்காது, ஆனால் நாள் முழுவதும் அதைத்தான் குடிக்கிறோம் என்றாராம். வின்சன்ட் நெடுநேரம் யோசித்து, கடைசிப் பக்கத்தில் ‘குடிக்க மாத்திரம்’ என்று தலைப்பிட்டு நோர்வேயையும் சேர்த்துக்கொண்டார்.

வெள்ளைக்காரரின் கடற்படை திருகோணமலையை விட்டுப் போய்ப் பதினைந்து வருடமாகிறது. அன்றிலிருந்து வின்சன்ட் தேயிலை ஏற்ற வரும் கப்பல்களுக்கும் கரைக்கும் இடையில் ஆட்களைக் கொண்டுபோய் வருகிறார். ஐம்பத்தாறு வயது. குட்டையான உருவம், காக்கிக் காற்சட்டை. அருகில் வந்தால் டீசல் மணம் முதலிலும் வறுத்த கோப்பி மணம் பிறகும் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்து இரும்புத் தாச்சியில் அவரே கொட்டை வறுப்பார். குசினிக்குள் அந்நேரம் மனைவி றீற்றாவுக்கு அனுமதியில்லை. றீற்றாவும் அதை ஓய்வாக எடுத்துக்கொண்டு கதிரையில் சாய்ந்துவிடுவார்.

நான் வேலை செய்யும் நூலகத்துக்குச் சனிக்கிழமைகளில் வருவார். தடித்த ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தில் கோப்பி பற்றிய பக்கங்களை நான் வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். மாலுமி ஒருவர் சொன்னதும் புத்தகம் சொல்வதும் ஒத்துவராவிட்டால், “நில்லுங்கோ பிள்ளை” என்பார். பெரும்பாலும் புத்தகம்தான் தோற்கும். உலகத்தில் அதிகம் விளைவிப்பது பிரேசில் என்று வாசித்தபோது மட்டும் விரலை உயர்த்தினார். “ஓம், கூட முளைக்கிறது வேற, முதல் முளைச்சது வேற. முதல் முளைச்சது அபிசீனியா. அதில ஒருத்தரும் கை வைக்க ஏலாது.”

அவரிடம் ஒரு கொள்கை உண்டு. “கோப்பி எந்த நாட்டுக்கும் நேர்வழியால போகேல்லை, பிள்ளை. எல்லாம் களவு.” மெய்தான் போலிருக்கிறது. யேமன்காரர் முளைக்கும் கொட்டையை வெளியே விடாமல் காவல் காத்தார்களாம். ஹஜ்ஜுக்குப் போன ஒரு பெரியவர் ஏழு விதையை ஒளித்துக்கொண்டுவந்து மைசூர் மலையில் ஊன்றினாராம். ஒல்லாந்தர் யாவாவில் நட்டது இன்னொருவரிடமிருந்து எடுத்த செடி. பிரேசிலுக்கு அது போனது ஒரு கவர்னரின் மனைவி கொடுத்த பூச்செண்டுக்குள். கப்பலில் தண்ணீர் தட்டுப்பாடானபோது தன் பங்குத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிக்கொண்டு போன பிரெஞ்சுக்காரன் ஒருவனை மட்டும் வின்சன்ட் மன்னித்திருக்கிறார். “அவனும் கள்ளன்தான். ஆனா மனுசன்.”

இலங்கையின் முறை வரும்போது அவருடைய குரல் இறங்கிவிடும். நூறு வருடத்துக்கு முன் நமது மலைகளெல்லாம் கோப்பிதான். இலைக்கடியில் மஞ்சள் தூளாக ஒரு நோய் வந்தது. சில வருடங்களில் தோட்டம் தோட்டமாகப் பட்டுப்போய், அந்த இடத்தில் தேயிலை வந்தது. நெருங்கிய உறவினர் ஒருவரின் கடைசி நாட்களைச் சொல்வதுபோலத்தான் இதைச் சொல்லுவார். பிறகு எழுந்துபோய் அந்தத் தேயிலையை ஏற்ற வந்த கப்பலுக்கு லோஞ்சை எடுப்பார்.

இந்த வரலாற்றில் பிழை கேட்டால் அவரால் பொறுக்க முடியாது. கப்பல்களுக்கு மரக்கறி கொடுக்கும் ஸெய்னுதீன் ஒருநாள் லோஞ்சில் போகும்போது, கோப்பி துருக்கியில் பிறந்தது என்று சும்மா சொல்லிவைத்தார். வின்சன்ட் எஞ்சினை நிறுத்திவிட்டார். உள்துறைமுகத்தின் நடுவில், கத்தரிக்காயும் பூசணிக்காயும் வெயிலில் வாட, லோஞ்ச் நீரோட்டத்தில் மெல்ல மிதந்தது. “கப்பலுக்குப் போறமா, அபிசீனியாவுக்குப் போறமா எண்டு கேட்டனான். மனுசன் வாயே திறக்கேல்லை” என்று ஸெய்னுதீன் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார். அபிசீனியா என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் எஞ்சின் மறுபடி இயங்கியது.

ஸெய்னுதீனுக்குச் சிரிப்பாக இருப்பது வின்சன்டின் மகள் அருள்மலருக்குச் சிரிப்பாக இல்லை. அவளுக்கு இருபத்தொன்பது வயது, தபாற் கந்தோரில் வேலை. போன வருடம் மட்டக்களப்பிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு பெரியவர், கோப்பி உடம்புக்குச் சூடு என்றார். வின்சன்ட் அபிசீனியாவில் தொடங்கினார். யாவாவுக்கு வருவதற்குள் அவர்கள் பலகாரத்தில் கை வைக்காமலே பஸ்ஸுக்கு எழும்பிவிட்டார்கள்.

இந்த முறை சங்கதி வேறு. நில அளவைக் கந்தோருக்கு மாற்றலாகி வந்த ஒருவர், முத்திரை வாங்க வந்து, ஒரே கிழமையில் பதினொரு முறை முத்திரை வாங்கினார். ஒரு முறையாவது கடிதம் போட்டதை யாரும் பார்க்கவில்லை. அருள்மலர் இதை என்னிடம் சொன்னபோது மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். இவரை விட்டால் இனி எவரும் வேண்டாம் என்றும் சொன்னாள்.

அவருடைய தகப்பனார் கிறிஸ்தோபர், ஹற்றனில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கந்தோரில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். பெண்ணின் ஞானஸ்நானப் பத்திரத்தின் பிரதி வேண்டுமென்று மகன் மூலம் றீற்றாவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். பிரதிக்கும் எங்கள் ஊரில் கொப்பி என்றுதான் பெயர். றீற்றா வின்சன்டிடம் சொல்லாமலே கோயிலில் அதை வாங்கி அலுமாரியில் வைத்துவிட்டு, ஹற்றன் விலாசம் வருமட்டும் பார்த்திருந்தார். விலாசத்தோடு தபாலட்டை வந்த நேரம் றீற்றா நிலாவெளியில், தங்கையின் வீட்டில். தபாலட்டையை வாங்கியவர் வின்சன்ட்.

“கொப்பி கிடைத்ததும் வீட்டில் எல்லோரும் பார்த்து முடிவு அறிவிப்போம். தாமதியாமல் அனுப்பவும்.” இவ்வளவுதான் வாசகம். கிறிஸ்தோபருக்கோ கொம்பின் தலையைச் சுழித்து எழுதும் பழக்கம்; ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பாகத் தெரியும்.

தேயிலைக்குள் முப்பது வருடம் கிடந்த மனிதர் நல்ல கோப்பிக்கு ஏங்கிப்போயிருக்கிறார் என்று வின்சன்ட் உருகிவிட்டார். அன்றைக்கே வறுத்தார், இடித்தார், அரித்தார். ஒரு றாத்தல் தூளைத் தகரப்பேணியில் அடைத்து, அபிசீனியாவிலிருந்து இலங்கை வரை நாலு பக்கம் எழுதி, பார்சலில் போட்டார்.

அடுத்த சனிக்கிழமை மகிழ்ச்சியோடு தபாலட்டையை என்னிடம் நீட்டினார். நான் வாசித்துவிட்டு விலாசத்தைக் காட்டினேன். அதில் ‘பேண்ணின் பேற்றோருக்கு’ என்றிருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு முதல் வரியைப் பார்த்தார்.

“அப்ப அந்த ஒரு றாத்தல்?”

போய்ச் சேர்ந்திருக்கும் என்றேன்.

“நாலு பக்கமும்?”

றீற்றா அன்று பேசியதை இங்கே எழுத முடியாது. பத்திரம் மறுநாளே பதிவுத் தபாலில் போனது. பத்து நாள் கழித்து ஹற்றனிலிருந்து பதில் வந்தது: “இரண்டும் கிடைத்தன. நேரில் வருகிறோம்.” அந்த நாலு சொற்களில் கோபம் இருக்கிறதா இல்லையா என்று அந்த வீடு ஒரு கிழமை ஆராய்ந்தது. அவர்கள் வரும் அன்றைக்கு வின்சன்ட் வாயைத் திறக்கப்படாது என்று றீற்றா கட்டளையிட்டார். அருள்மலர் கட்டளையிடவில்லை. தகப்பனின் சேட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே, “அப்பா, அவர் என்ன சொன்னாலும் ஒருக்கா விடுங்கோ” என்றாள்.

ஞாயிறு பின்னேரம் வந்தார்கள். உதவிக்குப் போயிருந்த நான் பலகாரத் தட்டுகளோடு குசினி வாசலில் நின்றேன். கிறிஸ்தோபர் உயரமானவர், வாய்விட்டுச் சிரிப்பவர். பத்திரத்துக்கு முதல் கோப்பி வந்ததைக் கண்டு, பெண் வீட்டார் வலு முன்யோசனைக்காரர் என்று நினைத்தாராம். ஒரு றாத்தலும் ஐந்து நாளில் முடிந்துவிட்டதாம். வின்சன்டின் முகம் மலர்ந்தது.

“நாலு பக்கம் எழுதியிருந்தனீங்கள். எனக்கு உங்கட கையெழுத்து ஒரு சொல்லும் விளங்கேல்லை” என்றார் கிறிஸ்தோபர்.

வின்சன்ட் கதிரையில் நிமிர்ந்தார். குசினிக்குள் றீற்றா இருமினார்.

கிறிஸ்தோபர் கோப்பையை வைத்துவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார். “அது பரவாயில்லை, எனக்கும் கொஞ்சம் தெரியும். கோப்பி பிறந்ததே பிரேசிலிலதானே. அங்கயிருந்துதான் அராபியன் களவெடுத்தவன்.”

மாப்பிள்ளை சுவரில் தொங்கிய திருஇருதயப் படத்தைப் பார்த்தார். தட்டோடு வந்த அருள்மலர் பாதி வழியில் நின்றுவிட்டாள். வின்சன்டின் இடது கை தானாக எழுந்தது; தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் நின்றது.

“என்ன, நான் சொல்லுறது சரிதானே?” என்றார் கிறிஸ்தோபர்.

வின்சன்ட் மகளைப் பார்த்தார். எழுந்த கையை மேசைக்குக் கொண்டுபோய், சீப்பிலிருந்து ஒரு கதலிப்பழத்தைப் பிய்த்தார். நிதானமாக உரித்து, முழுப்பழத்தையும் வாய்க்குள் வைத்து அடைத்துக்கொண்டு, ஓம் என்றோ இல்லை என்றோ எடுத்துக்கொள்ளக்கூடிய விதமாகத் தலையை ஆட்டினார். கிறிஸ்தோபர் உற்சாகமாகி, பிரேசிலிலிருந்து அபிசீனியாவுக்குக் கோப்பி எப்படிப் போனதென்று சொல்லத் தொடங்கினார். வின்சன்ட் கையை நீட்டி இரண்டாவது பழத்தைப் பிய்த்தார்.