தட்டுவடை செட்டை வேண்டாம் என்றவன்

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். "டாக்டர் எண்ணெய்ப் பலகாரம் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டாருங்க" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்திருக்க வேண்டிய சமாசாரம் அது. அதைச் சொல்லாமல் மென்று முழுங்கி, ஓர் ஆபீஸ் முழுவதையும் என்னிடம் வரிசையாக மன்னிப்புக் கேட்க வைத்த மடையன் நான்.

சேலத்தில் ஒரு லாரி பார்சல் ஆபீஸில் எனக்கு வேலை. வந்து சேராத பார்சலுக்குப் பதில் சொல்கிற வேலை. காலையில் போனை எடுத்ததும், "ஏனுங்க, நாசிக்குல இருந்து வர வேண்டிய மூட்ட என்னாச்சுங்க?" என்று ஆரம்பிக்கும். "மன்னிச்சுக்கோங்க, வண்டி வழியில இருக்குதுங்க" என்பேன். எந்த வழியில் என்பது வண்டிக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். யாரோ செய்த தப்புக்கு நாள் முழுக்க மன்னிப்புக் கேட்பது என் உத்தியோகம். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சொந்தத் தப்புகளுக்குக் கேட்க வேண்டும், அதற்குச் சம்பளம் கிடையாது.

பள்ளிபாளையத்திலிருந்து சேலத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டிக்குக் குடிவந்து இங்கே சேர்ந்த புதிதில் எனக்கு மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை. வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க எல்லாம் உண்டு. ஆனால் நாலு மணி மேஜை வேறு விஷயம்.

நாலு மணிக்குப் புக்கிங் மேஜைமேல் பழைய பேப்பர் ஒன்று விரியும். தெருமுனைத் தள்ளுவண்டியிலிருந்து தட்டுவடை செட் வந்து இறங்கும். சேலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு சின்னத் தட்டுவடை, நடுவில் துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், ஒரு பக்கம் காரச் சட்னி, மறுபக்கம் புதினாச் சட்னி. முழுசாக வாயில் போட வேண்டும். நாகரிகமாகக் கடித்துத் தின்கிறேன் என்று போனால் பாதி சட்டைக்குப் போகும். வாய் நிறைய அதை அடக்கிக்கொண்டு ஒருவர் பேசுவது மற்றவர்களுக்குப் புரிய ஆரம்பித்தால்தான் அந்த மேஜைக்கு நீங்கள் வேண்டியவர் என்று அர்த்தம்.

வாங்குவது முறை வைத்து. இன்று ஒருவர், நாளை இன்னொருவர். புது ஆளுக்கு முறை கிடையாது, அவன் விருந்தாளி. பல மாதம் விருந்தாளியாகவே தின்று கொழுத்த பிறகு ஒரு நாள் கணக்குப் பார்க்கும் அக்கா, "தம்பி, நாளைக்கு உங்க முறைங்க" என்றார். அன்று வந்த சந்தோஷம் கல்யாணம் நிச்சயமான அன்றைக்குக்கூட எனக்கு வந்ததில்லை. என் மனைவி நான் எழுதுவதைப் படிப்பதில்லை என்ற தைரியத்தில் இதைச் சொல்கிறேன்.

அப்படிக் கிடைத்த முறையை ருசித்து முடிப்பதற்குள் டாக்டர் குறுக்கே வந்தார். ரத்தத்தில் கொழுப்பு தாறுமாறாக இருக்கிறதாம். பொரித்தது, வறுத்தது எதுவும் கூடாதாம். கூட வந்திருந்த மனைவி, "இவுருக்குக் கொழுப்புன்னு கண்டுபுடிக்க ஊசி போட்டு ரத்தம் வேற எடுக்கோணுமாக்கும்" என்றாள். டாக்டர் சிரித்த சிரிப்பில் நான் வாங்க வேண்டிய மாத்திரைகளில் ஒன்றை எழுத மறந்து, மறுபடி கூப்பிட்டு எழுதிக் கொடுத்தார்.

இதை ஆபீஸில் சொல்வதற்கு என்ன என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஆபீஸ் உங்களுக்குத் தெரியாது. அங்கே ஒரு வியாதியின் பேரைச் சொன்னால் நாலு பேரும் டாக்டராகி விடுவார்கள். ஒருவர் கொள்ளு ரசம் என்பார், ஒருவர் வெந்தயம் என்பார். மூன்றாவது ஆள், "எங்க பெரியப்பனுக்கும் இப்படித்தாங்க ஆரம்பிச்சுது" என்று தொடங்கி, பெரியப்பாவை எடுத்துக்கொண்டு போய் அடக்கம் செய்துவிட்டுத்தான் கதையை நிறுத்துவார். அதைவிட முக்கியமான பயம் ஒன்று இருந்தது. தின்ன முடியாதவனுக்கு முறை எதற்கு என்று மறுபடியும் என்னை விருந்தாளியாக்கி, வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க என்று ஆரம்பித்துவிட்டால்? ஆகவே எதுவும் சொல்லாமல், சும்மா வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். மேஜையில் இருப்பேன், பேசுவேன், சிரிப்பேன். தின்ன மாட்டேன். அவ்வளவுதானே?

அவ்வளவு இல்லை. நான் சேருவதற்கு முன்பே அந்த மேஜைக்கு ஒரு வழக்கம் இருந்தது. அங்கே யாரும் கோபத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒருவர் முறையன்று அவர் வாங்கிய செட்டை இன்னொருவர் தொடாமல் விட்டால், இருவருக்கும் ஆகவில்லை என்று பொருள். எப்போதோ புக்கிங் தம்பியும் குடோனைப் பார்த்துக்கொள்ளும் மாப்ளையும் அப்படி முறைத்துக்கொண்டு திரிந்ததில், மேனேஜர் அண்ணன் நடுவில் உட்கார்ந்து ஆளுக்கொரு செட்டை மற்றவர் வாயில் ஊட்ட வைத்துச் சமாதானம் செய்தாராம். இந்தக் கதையை நானே பலமுறை கேட்டுச் சிரித்திருக்கிறேன். மறந்தும் போனேன்.

முதல் நாள் புக்கிங் தம்பியின் முறை. பேப்பரில் வைத்து என் பக்கம் தள்ளினான்.

"எனக்கு வேண்டாங் தம்பி."

மாப்ளையின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. அக்கா என்னைப் பார்த்தார், பிறகு தம்பியைப் பார்த்தார். தம்பியின் முகம் சுண்டிப்போனது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஆபீஸை மூடும் நேரத்தில் என் பைக் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணா, உங்களுக்குத் தெரிஞ்சு போச்சுங்களா?"

எது என்று கேட்டிருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டே பழகிய வாய்க்கு, எதிராளி தொண்டையைச் செருமினால் அடுத்து என்ன வரும் என்று தெரியும். பேசாமல் நின்றேன்.

"மழைன்னு ஒரு டிரைவருக்கு உங்க குடையை எடுத்துக் குடுத்துட்டனுங்க. திருப்பி வாங்கறதுக்குள்ள வண்டி கெளம்பிருச்சு. குடை நாக்பூர் போயிருச்சுங்கண்ணா. கோவிச்சுக்காதீங்க."

அந்தக் குடைக்காக நான் வீட்டில் கட்டில், பீரோ எல்லாம் நகர்த்தித் தேடி, கடைசியில் மனைவி தன் தம்பிக்குக் கொடுத்துவிட்டாள் என்று கண்டுபிடித்து, அவளிடம் பெரிய சண்டையும் போட்டிருந்தேன். வெண்ணந்தூரில் இருந்த மைத்துனன் தன் வாழ்நாளில் அந்தக் குடையைப் பார்த்ததே இல்லை. அன்றிரவு வீட்டில் நான் பட்ட பாட்டை விட்டுவிடுகிறேன்.

அடுத்த நாள் மாப்ளையின் முறை. வேண்டாம் என்றேன். அவன் சாயங்காலம்வரைகூடப் பொறுக்கவில்லை. தண்ணீர்க் கேன் அருகே மடக்கினான்.

"மாப்ள, நாந்தான் போட்டேன். ஒத்துக்கறேன்."

"என்னத்தப் போட்ட?"

"நடிக்காத மாப்ள. நீ வாயப் பொளந்துட்டுத் தூங்குன போட்டோவ. டிரைவருங்க குரூப்புல."

அன்றுதான் எனக்கு ஒரு மர்மம் விலகியது. கொஞ்ச நாளாகவே எந்த லாரி வந்தாலும் டிரைவர்கள் இறங்கியதும் என்னிடம், "நல்லாத் தூங்குனீங்களாண்ணா?" என்று அன்பாக விசாரித்தார்கள். என்மேல் இவ்வளவு பாசமா என்று உருகி, இரண்டு பேருக்கு டீகூட வாங்கிக் கொடுத்திருந்தேன்.

மூன்றாவது முறை மேனேஜர் அண்ணனுடையது. திருச்செங்கோட்டுக்காரர். குரலை உயர்த்திப் பேசாத மனிதர். நான் வேண்டாம் என்றதும் உள்ளே போய்விட்டார். சற்று நேரத்தில் அவர் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, என் ரூமுல ஓடற அந்தப் புது ஃபேனு உங்க தலைக்கு மேல மாட்டறதுக்குன்னுதான் வந்துச்சு. வெயிலு தாங்காம நான்தான் உள்ள மாட்டிக்கிட்டேன். இன்னிக்கே மாத்திப்புடலாம். இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கலாங்களா?"

ஆபீஸ் மூடுவதற்குள் என் தலைக்கு மேல் புது ஃபேன் சுழன்றது. அதன் கீழே உட்கார்ந்தபோதுதான் என் புத்தி கெட்டது. இதுவரை நான் அறியாமல் செய்தேன். இனித் தெரிந்தே செய்வது என்று தீர்மானித்தேன். தின்னாமல் இருந்தால் உடம்புக்கும் நல்லது, காற்றும் வருகிறது, ரகசியமும் வருகிறது. இப்படி ஒரு வைத்தியம் எந்த டாக்டர் எழுதிக் கொடுப்பார்? அடுத்தது அக்காவின் முறை. காலையில் கண்ணாடி முன்னால் நின்று முகத்தைத் தொங்கப் போட்டுப் பழகினேன். "பல்லு வலிங்களா?" என்று மனைவி கேட்டாள்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு முறை கொடுத்தவரே அவர்தான். ஆபீஸில் எல்லோரும் திட்டும்போது சிரிப்பார், எல்லோரும் சிரிக்கும்போது கணக்கைப் பார்ப்பார். செட்டை என் பக்கம் நீட்டி, "சாமி, காரம் கம்மியாப் போடச் சொல்லி வாங்கியாந்தேன் உங்களுக்கு" என்றார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். பழகி வைத்த முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டு, வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். தத்ரூபமாக வந்தது.

 அக்கா என் செட்டைப் பேப்பரில் பத்திரமாகச் சுற்றித் தன் டிபன் பைக்குள் வைத்தார். தண்ணீர்க் கேன் பக்கம் போய் நின்றேன். வரவில்லை. பைக் பக்கம் நின்றேன். அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் மேனேஜர் அண்ணனிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. "இனிமே எனக்கு முறை வேண்டாங்க. நான் வாங்குனா யாருக்காச்சும் சங்கட்டமா இருக்குது."

"அக்கா இல்லாம நாங்க மட்டும் என்னத்தத் திங்கறது?" என்றான் புக்கிங் தம்பி.

அன்று நாலு மணிக்குப் பேப்பர் விரியவில்லை. தள்ளுவண்டிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, ஆபீஸ் லீவுங்களா?" என்று கேட்டார்.  அவரவர் இடத்தில் உட்கார்ந்து அவரவர் டீயைக் குடித்தோம். புது ஃபேன் மட்டும் ஜில்லென்று காற்று வீசியது. அதற்குக்கீழே எனக்கு வேர்த்தது. ஒரு மேஜையில் இடம் போய்விடும் என்று பயந்து நான் செய்த சாமர்த்தியத்தில், அந்த மேஜையே போய்விட்டிருந்தது.

நானே ஒரு பேப்பரை எடுத்தேன். புக்கிங் மேஜைமேல் விரித்தேன். அதற்குமேல் ஏறி நிற்கவில்லை என்பதுதான் குறை, மற்றபடி மேடைப் பேச்சுதான்.

"எல்லாரும் கேளுங்க. எனக்கு யாருமேலயும் கோவமில்லீங்க. எனக்குக் கொழுப்பு."

"அது எங்களுக்குத் தெரியும் மாப்ள" என்றது குடோன்.

"ரத்தத்துலடா! டாக்டர் எண்ணெயத் தொடக் கூடாதுன்னுட்டாரு. அதனாலதான் வேண்டாம்னேன். வேற ஒண்ணுமில்ல."

 முதலில் கணக்குப் போட்டு முடித்தவன் புக்கிங் தம்பி.

"அப்ப குடை விஷயம் உங்களுக்குத் தெரியவே தெரியாதுங்களாண்ணா?"

"நீ சொல்லித்தான் தெரியும்."

"போட்டோ?" என்றான் மாப்ள.

"நீ சொல்லித்தான்."

 மேனேஜர் அண்ணன் தலையை நிமிர்த்தி ஃபேனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடி ஃபேனைப் பார்த்தார்.

"அடப்பாவி, நாங்க சொன்னத எல்லாம் திருப்பிக் குடு!" என்று மாப்ள என் சட்டையைப் பிடித்து உலுக்க, முதலில் அக்காதான் சிரித்தார். அவர் சிரித்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அப்புறம் யாரையும் நிறுத்த முடியவில்லை. போனில் யாரோ பார்சல் கேட்டு அடித்தார்கள். எடுத்த தம்பி, சிரிப்பை அடக்க முடியாமல் "வழியில இருக்குதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டான். நான் பயந்ததும் அப்படியே நடந்தது. கொள்ளு ரசம் வந்தது, வெந்தயம் வந்தது, பெரியப்பாவும் வந்து காலமானார். மூன்றையும் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் அக்கா தன் முறையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பேப்பரில் அவர்களுக்குத் தட்டுவடை செட். என் பக்கம் வாழையிலையில் கொண்டைக்கடலைச் சுண்டல், எண்ணெயில் தாளிக்காமல், தேங்காய்கூட இல்லாமல் வீட்டிலிருந்து அவித்துக் கொண்டு வந்தது. விருந்தாளிக்கு இதெல்லாம் செய்ய மாட்டார்கள். வாய் நிறையப் போட்டுக்கொண்டு நான் பேச ஆரம்பித்தேன். எல்லோருக்கும் புரிந்தது.

அந்தத் தைரியத்தில் ஒரு கேள்வியையும் கேட்டு வைத்தேன்.

"ஏனுங்கக்கா, இவிங்க மூணு பேரும் ஆளுக்கொண்ண ஒத்துக்கிட்டாங்க. நீங்க மட்டும் ஒண்ணுமே சொல்லலையே?"

அக்கா ஒரு செட்டை முழுசாக வாயில் போட்டு, நிதானமாக மென்று முடித்தார்.

"அதக் கேட்டா உங்களுக்குச் சுண்டலும் எறங்காதுங் தம்பி."